வலதுபக்க இருக்கை

மார்ச் 3

ஆகாயத்துக்கு வாக்கப்பட்ட என் அருமை மருமகனுக்கு,

தரையில் பஸ் ஓட்டும் தாய்மாமன் எழுதுவது. நலம். நீ பைலட் லைசென்ஸ் வாங்கியதிலிருந்து உன் அம்மா என்னைக் கைவண்டி இழுப்பவனைப் போலப் பார்க்கிறாள். இந்தக் குடும்பத்தில் ஸ்டியரிங் பிடித்த ஒரே மகாராஜாவாக இருந்தேன். இப்போது என்னிடம் வழி கேட்கக்கூட ஆளில்லை. போகட்டும்.

பார்சல் ஏற்றும் குட்டி விமானத்தில் வலதுபக்கம் உட்காரும் துணை பைலட் வேலை, அதுவும் என் சம்பளத்தில் பாதி என்று எழுதியிருக்கிறாய். பைலட் என்றால் சம்பளத்தை எண்ணவே இரண்டு கணக்குப்பிள்ளைகள் வேண்டாமா? மும்மடங்கு கேள். தராவிட்டால் எழுந்து வந்துவிடு.

உன் கம்பீரத்துக்குக் காவலன்,
மாமா

மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே கேட்டேன். நேர்முகத்தில் இருந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஃபைலை மூடிவிட்டு, "தம்பி, புது லைசென்ஸ்காரங்க வாசல் வரைக்கும் நிக்கறாங்க. இங்க சில வருஷம் பறந்து அனுபவம் சேர்த்தாத்தான் பெரிய கம்பெனி உங்களைத் திரும்பிப் பார்க்கும். மாசக் கடைசி வரைக்கும் யோசிங்க" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

என் அறைத் தோழன் நெட்டையன் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டான். இங்கே முதலில் சேர்ந்தவன்தான் முதலில் கேப்டன். அந்த வரிசை கடைசிவரை மாறாதாம். கொடியில் அவன் சீருடை காய்கிறது, பக்கத்தில் என் பனியன். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. என்ன செய்யட்டும், மாமா?

உங்கள் மருமகன்

மார்ச் 24

பொறுமைச் சக்கரவர்த்திக்கு,

நெட்டையன் பார்சல் சுமக்கட்டும். நீ அசையாதே.

நீ எழுந்து வந்த செய்தியை உன் அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொன்னேன். இரண்டு நாள் முகம் வாடியிருந்தாள். பிறகு, "நீயாவது நிலையா ஒரு வண்டியில உட்கார்ந்திருக்கே" என்றாள். அன்று என் பஸ்ஸின் ஆறு சக்கரமும் தரையில் படவில்லையடா. வீட்டில் பழையபடி எனக்கே முதல் காபி.

அவசரப்படாதே. வருஷக் கணக்கானாலும் சரி.

என்றும் உன் நலம் நாடும்,
மாமா

ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இங்கே வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க, அங்கே உங்கள் பஸ் பறந்திருக்கிறது. முதலில் கோபம்தான் வந்தது. ஆனால், வேலைக்குப் போன முதல் நாள் நெட்டையன் என்னிடம், "டை நேரா இருக்காடா?" என்று கேட்டான். கோணலாக இருந்தது. "இருக்கு, போ" என்றேன். அதனால் உங்கள் வியாதி எனக்குப் புரிகிறது.

மாசக் கடைசியில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவர்கள் சொன்ன சம்பளம்தான். நெட்டையன் கேப்டனாகிப் பல மாதம் கழித்துத்தான் என் முறை வரும்.

வேலை விஷயமாக இனி உங்களிடம் யோசனை கேட்க மாட்டேன். தவறாக நினைக்க வேண்டாம்.

உங்கள் மருமகன்

ஏப்ரல் 20

மருமகனுக்கு,

பதில் எழுத உட்கார்ந்து நாற்பதாயிரம் தாள் கிழித்தாயிற்று.

உன் சம்பளம் என்னுடையதில் பாதி என்று டிப்போவில் சொல்லிப் பார்த்தேன். ஒருவனும் நம்பவில்லை. "பொறாமையில பேசாதீங்கண்ணே" என்கிறான் என் கண்டக்டர். அவனை அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடலாமா என்று பார்த்தேன். பிறகு, வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

நீ இனி என்னிடம் கேட்கப்போவதில்லை. சரி, நான் ஒன்று கேட்கிறேன். மேலே எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்துவிட்டால் யார் வழிவிடுவது? இங்கே நான் ஒருநாளும் விட்டதில்லை. எப்படி விடுவது என்று எழுது.

மாமா