காணாமல் போன முக்காலி

மார்ச் 3
ஆய்வு நெறியாளர் என் பக்கங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஓரமெல்லாம் சிவப்பு மை, வரிக்கு வரி ஒரே கேள்வி: யார் சொன்னது? துறையில் அவருக்குப் பட்டப்பெயரே அதுதான். கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்குக் கால் வலிக்கும் என்பதற்குமா ஆள் காட்ட வேண்டும்? எங்கள் அக்காவின் காலைக் கேட்டால் சொல்லும். ஆனால் அக்காவின் கால் எந்த ஆய்விதழிலும் வெளிவரவில்லையே.

முந்தைய ஆய்வுகளைப் பற்றிய இந்த அத்தியாயத்தில் இந்த மாதக் கடைசிக்குள் அவர் கையெழுத்து விழாவிட்டால் என் ஆய்வுப் பதிவு ரத்து.

மார்ச் 5
ஒரு வரியும் ஓடவில்லை. மேசையைத் துடைத்தேன். பளபளவென்று இருக்கிறது.

மார்ச் 9
எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் ஒரே வாக்கியம்: நின்று வேலை செய்பவர்களுக்கு இரண்டே வாரத்தில் உடல் பழகி, வலி குறைந்துவிடும். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். வெந்நீர் வாளியில் கால்களை வைத்திருந்தாள்.

"எங்க சூப்பர்வைசரும் இதையேதான் சொல்றார். ஸ்டூல் கேட்டா, ரெண்டு வாரம் பொறுத்துக்கம்மா, பழகிடும்னு. நானும் பதினோரு வருஷமா நிக்கிறேன். எப்பதான்டி வரும் அந்த ரெண்டு வாரம்?"

சுருக்கென்றது. யார் சொன்னது? இப்போது நானும் கேட்கிறேன் சார்.

மார்ச் 12
ஒரு கட்டுரை இன்னொன்றைக் கைகாட்டுகிறது, அது வேறொன்றை. கடைசியில் எல்லாம் ஒரே பழைய ஆய்வில் போய் முட்டுகின்றன. மூலம் வேண்டும் என்றதும் நூலகர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் பேர் போடுவாங்க. கேட்டு வந்தது நீங்கதாம்மா." வெளியிலிருந்து வரவழைக்கிறாராம்.

மார்ச் 17
வந்துவிட்டது. மங்கலான நகல். இரண்டு வாரத்தில் வலி குறைந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் ஒரு முக்காலி கொடுத்திருக்கிறார்கள்! இடையிடையே உட்காரவிட்டதால்தான் குறைந்தது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் முக்காலி எங்கே போனது? மேற்கோள் காட்டியவர்களை ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்துப் பார்த்தேன். முதலில் எழுதியவர்கள் முக்காலியோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஒரு கட்டுரையில் அது விட்டுப்போகிறது. பிறகு வந்தவர்கள் அதைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். விட்டவர் பெயரைப் பார்த்தேன். மூடி வைத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அதே பெயர்.

நம்ம சார்.

மார்ச் 18
'சில ஆய்வாளர்கள் முக்காலியைக் குறிப்பிடத் தவறினர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தொடைநடுங்கி. "எதுக்கு வம்பு, கையெழுத்த வாங்கிட்டு வர்ற வழியப் பாரு" என்றாள் அக்கா, காலைத் தேய்த்துக்கொண்டே.

மார்ச் 20
திரும்பி வந்தது. 'சில ஆய்வாளர்கள்' என்பதன் கீழே சிவப்புக் கோடு. யார்? பெயர் எங்கே?

கேட்டுட்டீங்கல்ல சார். சொல்றேன்.

மார்ச் 21
போட்டுவிட்டேன். பெயர், ஆண்டு, பக்கம், எல்லாம். தைரியம் ஒன்றும் இல்லை, கோபம்தான். பதிவு போனால் போகட்டும் — போகட்டுமா? போகக் கூடாது. எத்தனை பேர் வாயை அடைத்துவிட்டு இந்தப் படிப்பில் வந்து சேர்ந்தேன். ஆனாலும் அந்த வரியை எடுக்க மாட்டேன்.

நேராக அவர் கையிலேயே கொடுத்தேன். "பத்தொன்பதாம் பக்கத்த முதல்ல பாருங்க சார்" என்று சொன்னது நான்தானா?

மார்ச் 24
வராந்தாவில் எதிரே வந்தார். அப்படியே கடந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் அக்கா அந்தப் பழைய நகலில் ஒரு பிரதி கேட்கிறாள். வம்பு வேண்டாம் என்றவள். "எங்க சூப்பர்வைசருக்கும் படிக்கத் தெரியும்டி."

மார்ச் 27
கையெழுத்து இன்னும் இல்லை. அந்த வரியை எடுக்க மாட்டேன்.

மார்ச் 30
அலுவலகத்தில் என் பெயருக்கு ஓர் உறை. படியில் உட்கார்ந்தே பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இருந்தது. அதை நம்பாமல் பத்தொன்பதாம் பக்கத்துக்குப் போனேன். அவர் பெயர் அப்படியே இருக்கிறது. அந்தப் பத்தி முழுக்கச் சிவப்பு மை ஒரே இடத்தில்தான். அவர் கட்டுரையில் முக்காலி விட்டுப்போன பக்கம் 43 என்று போட்டிருந்தேன். அதை அடித்து, 44 என்று எழுதியிருக்கிறார்.

அவர் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். 44தான்.