வாளிக்குள் தலைகீழாக அந்தோனியார்

எவரால்டோ,

நான் செக்கப்புக்குப் போகிறேன். சோளக் குஸ்குஸ் மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடு.

உன் அக்கா லிந்தால்வா செய்த காரியத்தைப் பார்த்தாயா? மாப்பிள்ளையைக் கொண்டுவரும்வரை விடமாட்டேன் என்று புனித அந்தோனியார் சிலையை வாளித் தண்ணீரில் தலைகீழாக முக்கி, துணி துவைக்கும் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறாள். அவர் தலையைச் சுற்றிக் கொசுப்புழு நெளிகிறது!

கொசு கடித்து எனக்கு ஜிகா காய்ச்சல் வந்தால் வயிற்றுப் பிள்ளையின் தலை சரியாக வளராமல் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது நீயும்தானே இருந்தாய்? "ஒரு கொசுவுக்கா இந்தக் கத்து கத்துறே?" என்று நேற்று சிரித்தாயே, இருக்கட்டும்.

தண்ணீரை மண்ணில் கொட்டிவிட்டேன். அந்தோனியார் இப்போது அலமாரியில் நேராக நிற்கிறார். அக்கா அழுதால் நீயே சமாளி.

கொசு ஒழிப்பு ஆள் தொட்டியைப் பார்க்க வருவார்.

– ஜாண்டிரா

பி.கு.: அந்தக் கொசு ஒழிப்பு ஆளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம். நீ எழுந்திருக்காதே, கதவை அக்கா திறக்கட்டும்.