மீனின் தலை எந்தப் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முப்பது கையெழுத்து. இடது ஓரம் எண், வலது ஓரம் என் பெயர், எல்லாம் பென்சிலில். 1/100, 2/100... நூறுக்கு மேல் ஒன்றுகூட அச்சிட மாட்டோம் என்று நானும் அச்சகத்து அண்ணனும் சான்றிதழில் உறுதி கொடுத்திருக்கிறோம். என் மீன்கொத்தி ஓவியத்தின் அச்சுப் பதிப்பு! பதினொரு வருஷம் தூரிகை பிடித்தவள் இப்போதுதான் வெளியே தலைகாட்டப் போகிறேன்.

படங்களுக்கு நடுவே வெண்ணெய்த்தாள் வைத்துக்கொண்டிருந்த அக்கா, "ஒரே படத்த நூறு வாட்டி அடிச்சா அது எப்படிடி அபூர்வம்?" என்றாள்.

"ஆயிரம் அடிக்காம நிறுத்திட்டோமே, அதான் அபூர்வம்."

"அப்போ பல் டாக்டர் வாங்கினது?"

"அது நான் கையால வரைஞ்ச எண்ணெய் ஓவியம். உலகத்துலயே ஒண்ணுதான். சாயம் மேடும் பள்ளமுமா இருக்கும். இது வழவழன்னு இருக்கு, தொட்டுப் பாரு... ஐயோ, கையத் துடைச்சிட்டுத் தொடு!"

மார்ச் 4

அறுபத்திரண்டு முடிந்தது. விரல் மரத்துவிட்டது. பெருமைக்குக் குறைவில்லை.

மார்ச் 5

போச்சு. எல்லாம் போச்சு.

பல் டாக்டர் போன் செய்தார். என் ஓவியத்தை நோயாளி நாற்காலிக்கு எதிரே மாட்டியிருக்கிறார். இன்று பல் பிடுங்க வந்த மதகுக் காவலர் வாயைத் திறந்தபடியே அதை முறைத்துக்கொண்டிருந்தாராம். பிறகு பஞ்சைக் கடித்துக்கொண்டே சொன்னாராம்: "டாக்டர், இந்த மீன் அதுக்கு இல்ல. தான் முழுங்கறதா இருந்தா மீன் தலை தொண்டைப் பக்கம் இருக்கும். இது தலைய வெளிய நீட்டிப் பிடிச்சிருக்கு. ஜோடிக்கு ஊட்டத்தான் அப்படிப் பிடிக்கும். தினம் பாக்கறேனே!"

டாக்டருக்கு ஒரே குஷி. எனக்கு? ஒவ்வொரு தாளிலும் படத்துக்குக் கீழே 'தனிக்காட்டு ராஜா' என்று கொட்டை எழுத்தில் அடித்திருக்கிறதே! ஊட்டுவதற்கு மீனைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் என்ன தனிக்காட்டு ராஜா? போட்டோவைப் பார்த்து அப்படியே வரைந்தேன். ஏன் அப்படிப் பிடித்திருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? பதினான்காம் தேதி வெளியீடு. வாங்க வருகிறவர்கள் எல்லாம் பறவைப் பைத்தியங்கள். சிரிப்பாய்ச் சிரிப்பார்கள்.

மார்ச் 6

அச்சகத்து அண்ணன், "எவன் பாக்கப்போறான்? பேசாம கையெழுத்தப் போடும்மா" என்றார். வந்த கோபத்தில், "நூறையும் கிழிச்சுப் போடலாம்"னு கத்திட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

என் தப்பு என் பெயரோடு நூறு வீட்டில் தொங்கணுமா? இங்கே எழுத என்ன வெட்கம், அழுதேன்.

மார்ச் 7

அக்கா காலையிலேயே ஆரம்பித்தாள். "ஊட்ட ஆள் இல்ல, அவ்வளவுதானே? ஆளக் கூட்டிட்டு வா."

"அச்சடிச்சாச்சேக்கா!"

"கீழ இவ்ளோ வெள்ளைக் காகிதம் சும்மாதானே கெடக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படிப்பட்ட பதிப்புகளின் ஓரத்தில் ஓவியர்கள் பென்சிலால் சின்னதாக ஏதாவது வரைந்து தருவதுண்டு. எனக்கு ஏன் தோன்றவில்லை? வெள்ளை ஓரத்தில் ஒரு பெட்டை, மேலே அண்ணாந்து பார்த்தபடி. கீழலகுக்கு மட்டும் சிவப்புப் பென்சில், பெட்டைக்கு அதுதான் அடையாளம். தலைப்பு இருந்துவிட்டுப் போகட்டும். மாட்டிக்கொண்டவன் ராஜாதான்!

மார்ச் 11

எழுபத்தொன்று. எந்தப் பெட்டையும் இன்னொன்றைப் போல இல்லை. ஒருத்தி கெஞ்சுகிறாள், ஒருத்தி 'எவ்வளவு நேரம்டா?' என்கிறாள். கழுத்து வலி உயிர் போகிறது. விசிலடித்துக்கொண்டே வரைகிறேன்.

மார்ச் 14, சனி

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள், ராஜாவைப் பார்த்து! மதகுக் காவலர் வீங்கிய கன்னத்தோடு வந்து மீனின் தலையைச் சரிபார்த்துவிட்டு 8/100-ஐ எடுத்துக்கொண்டார். மதியத்துக்குள் நூறும் காலி. அச்சகத்து அண்ணன், தான்தான் யோசனை சொன்னதுபோல எல்லாரிடமும் அளந்துகொண்டிருந்தார்.

கடைசியில் மூச்சிரைக்க வந்து நின்றவர் பல் டாக்டர். "எனக்கும் ஒண்ணு குடும்மா."

"சார், உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு உங்ககிட்டதான இருக்கு!"

"இருந்து? அதுல அவ இல்லையே. வர்றவங்க எல்லாம் படுத்துக்கிட்டு, 'மீன் யாருக்கு டாக்டர்?'னு கேக்கறாங்க. இன்னொண்ணு அடிக்கக்கூடாதா?"

"நூறுன்னா நூறுதான் சார்."

மனுஷர் முகம் தொங்கிப்போயிற்று. பாவமாக இருந்தது.

மார்ச் 17

டாக்டர் அறைக்குப் போய் ஓவியத்துக்கு வலப்பக்கம் இருக்கும் வெற்றுச் சுவரை அளந்து வந்தேன். அளவுக்கு ஒரு கான்வாஸ் இழுத்துக் கட்டி, பெட்டையின் கோட்டுருவத்தைப் போட்டாயிற்று. எண்ணெய்ச் சாயம் நன்றாகக் காய மாதக்கணக்காகும். அதுவரைக்கும் அவன் மீனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும்.