குதிகால் தரையில் இருக்கட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் இரண்டு பாதங்களும் உட்பட. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்றால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதையெல்லாம் திருத்துவார். அவரைப் பற்றிய கதையை அவர் திருத்தாமல் சொல்ல வேண்டும் என்பதால், அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவைச் சலூனை மூடச் சொல்லும்மா என்று கொஞ்ச நாளைக்கு முன்னால் நீ சொன்னாய் அல்லவா, அதை நான் அவரிடம் சொன்னேன். அவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தத் தட்டைக் கால்களை உனக்குத் தெரியும், உன்னுடையதும் அதே அச்சுதான். குளித்துவிட்டு வந்தால் நடு உள்ளங்காலும் சேர்ந்து முழுசாகத் தரையில் பதியும், சின்ன வயதில் நீ அவர் பின்னாலேயே ஈரக்காலோடு ஓடுவாய், எது யார் தடம் என்று அளவை வைத்துத்தான் சொல்ல முடியும். இத்தனை வருஷம் அந்தக் காலில் நின்றே முடி வெட்டியவருக்குப் போன மழைக்காலத்திலிருந்து சாயங்காலமானால் கணுக்காலின் உள்பக்கம் தெறிக்கிற மாதிரி வலி. கடையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் கேட்பார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு முட்டியை ஸ்டூலில் ஊன்றிக்கொண்டு கொக்கு மாதிரி நின்று வெட்டுவார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், நடுச் சுவரை எடுத்துவிட்டு இரண்டு கடையையும் ஒன்றாக்கிக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாக வீட்டில் இருங்கள் என்று கேட்டிருந்தார். மாதக் கடைசியில் பதில் சொல்கிறேன் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு இரண்டு மனசு. வலி தீர வேண்டும், அது ஒரு பக்கம். ஆனால் ஒரு லீவு நாளில் வீட்டில் இருந்ததற்கே சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கி வைத்து, சர்க்கரை எங்கே என்று என்னை அழ வைத்தவர் அவர். தினமும் வீட்டில் இருந்தால் என் கதி என்ன என்று நீயே யோசித்துப் பார்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துவிட்டுப் பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் அனுப்பினார். உன் வயதுதான் இருக்கும், நான் டாக்டர் இல்லைங்க என்று அவள் எத்தனை முறை சொன்னாலும் அப்பாவுக்கு அவள் டாக்டரம்மாதான். அவள் முதலிலேயே உடைத்துச் சொல்லிவிட்டாள், இந்த வயதுக்கு மேல் உள்ளங்காலில் புதிதாகக் குழி விழும் என்று எதிர்பார்க்காதீங்க, பாதத்துக்குள் இருக்கிற சின்னச் சின்னத் தசைகளுக்குப் பலம் வந்தால் போதும், வலி குறையும் என்று. பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து, தரையில் விரித்த துண்டைக் கால்விரல்களாலேயே சுருட்டிச் சுருட்டித் தன் பக்கம் இழுப்பது ஒன்று. மற்ற நாலு விரலும் தரையில் இருக்கக் கட்டை விரலை மட்டும் தூக்குவது ஒன்று. அப்பா கட்டை விரலுக்கு உத்தரவு போட்டால் சுண்டு விரல்தான் எழுந்து நிற்கும், வீட்டில் நான் சொன்னால் யாரும் கேட்காத மாதிரியே இருக்கு என்று நான் சொன்னேன், அந்தப் பெண் குனிந்து சிரித்தாள். இன்னொன்று பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. பாதத்தைத் தரையில் வைத்தபடியே கட்டை விரலின் அடிப்பாகத்தைக் குதிகால் பக்கமாக உள்ளே இழுக்க வேண்டும், விரல்கள் மடங்கக் கூடாது, குதிகால் அசையக் கூடாது, உள்ளங்கால் மட்டும் லேசாக மேலே எழும்பும். எழும்பியதைக் கொஞ்சம் பிடித்து வைத்து, பிறகு விட வேண்டும். கடைசியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் மெதுவாகத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்குவது. வலித்தால் நிறுத்திவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய இது பந்தயம் இல்லை என்றும் சொல்லி அனுப்பினாள்.

அப்பா அதில் அப்படியே இறங்கிவிட்டார். கடைத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து காலால் சுருட்டினார், அதை மறுபடி யார் கழுத்திலாவது போட்டீங்கன்னா நானே கடையை மூடிவிடுவேன் என்று பிடுங்கி வைத்தேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நேரம் வீணாகிறதே என்று யோசித்து, குதிகால் தூக்குகிற பயிற்சியை முடி வெட்டும்போதே செய்ய ஆரம்பித்திருக்கிறார், என்னிடம்கூட மூச்சு விடவில்லை. வாடிக்கையாளரின் வலது பக்கம் வெட்டும்போது எக்கி நிற்பது, இடது பக்கம் வந்ததும் இறங்கி ஓய்வெடுப்பது. அவருக்கு அளவுகோல் கண்தானே. எக்கி நின்றால் கண்ணும் கூடவே மேலே போகும், கோடும் மேலே போகும். இது அவருக்குத் தோன்றவே இல்லை.

கண்டுபிடித்தது நான்தான். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு முன்னால் வரிசையில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், பேங்க்கில் வேலை பார்க்கும் தம்பி, அவர்களுக்கு முன்னால் உன் மாமா. மூன்று பேர் பிடரியிலும் முடி இடமிருந்து வலமாக ஒரே சரிவாக ஏறியிருந்தது, படிக்கட்டில் வண்டி ஏற்றப் பலகை போடுவோமே அந்த மாதிரி. நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது ஹெட்மாஸ்டர் திரும்பி, ஏம்மா, என் தலை சாய்ஞ்சா இருக்கு, தலையை நேரா வைங்கன்னு வீட்டில் திட்டிக்கிட்டே இருக்கா, மூக்குக் கண்ணாடி கோணலோன்னு கடையில் கொடுத்து ரெண்டு தரம் நிமிர்த்தியாச்சு என்றார். பஸ்ஸில் ஏறியதும் உன் மாமா தன் பிடரியைத் தடவிப் பார்த்துவிட்டு, அக்கா, மச்சான் தலைக்கு ஏத்தம் இறக்கம் வெச்சு வெட்டறதுதான் புது ஸ்டைலா என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டான். எனக்கு மட்டும் பாதி வழியில் சிரிப்பு போய்விட்டது. அப்பாவின் வெட்டை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

சாயங்காலம் அவர் டப்பில் காலை வைத்திருந்தபோது சொன்னேன். எக்கி நின்று வெட்டியதை அப்போதுதான் ஒத்துக்கொண்டார். கையும் நல்லாத்தான் இருக்கு, கண்ணும் நல்லாத்தான் இருக்கு, இந்தக் காலுக்காக ரெண்டையும் கெடுத்துட்டேனே என்றார். காலைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நாளைக்கே ஜெராக்ஸ்காரரிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். நான் அவரோடு வாதாடவில்லை. சாவியை என் கைப்பையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன், மறுநாள் காலை அந்தப் பெண்ணிடம் மறுபடி கூட்டிப் போனேன்.

அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, நிற்க முடியாமல் சிரித்து, நோயாளிகள் படுக்கிற கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா முகம் போன போக்கைப் பார்த்துச் சட்டென்று சிரிப்பை அடக்கிக்கொண்டு, நீங்க பயிற்சியைத் தப்பாச் செய்யலைங்க, இடத்தைத்தான் மாத்திட்டீங்க, வீட்டில் செய்ய வேண்டியதைக் கடையில் செய்றீங்க, கடையில் செய்யக்கூடியதை வீட்டில் செய்றீங்க என்றாள். குதிகால் தூக்குவது வீட்டுச் சுவரோடு இருக்கட்டும். அந்தக் கண்ணுக்குத் தெரியாத பயிற்சி இருக்கிறதே, உள்ளங்காலை மட்டும் இழுத்துப் பிடிப்பது, அதை நின்றபடி, செருப்புக்குள்ளேயே செய்யலாம், குதிகால் தரையை விட்டு எழாது, உங்க கண்ணும் இருந்த இடத்திலேயே இருக்கும் என்றாள். அப்பா அங்கேயே எழுந்து நின்று, கையில் கத்தரி இருக்கிற மாதிரி விரலை வைத்துக்கொண்டு, ஒரு தலையைச் சுற்றி வருவது போல அவளையே சுற்றி வந்து காட்டினார். அவள் அவர் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ம், இப்போ பிடிங்க, இப்போ விடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததும் சாவி எங்கே என்று கேட்டார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. நாள் போகப் போகத்தான் சாயங்கால முனகல் குறைந்தது. சரிவாக வெட்டிய தலைகளையெல்லாம் வரச்சொல்லி நேராக்கினார். உன் மாமா மட்டும், முதலில் ரெண்டு குதிகாலையும் காட்டுங்க மச்சான், அப்புறம்தான் உட்காருவேன் என்று நாற்காலி பக்கத்திலேயே நின்று வம்பு பண்ணினான். போன ஞாயிற்றுக்கிழமை கடையில் பெஞ்சு நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். சாப்பாடு கொண்டுபோன நான் பார்த்தேன், ஸ்டூல் மூலையில் கிடந்தது, அதன் மேல் யாரோ பேப்பரை வைத்திருந்தார்கள். அப்பா இரண்டு காலில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வழக்கம்போல டப்பில் வெந்நீர் ஊற்றி வைத்தேன். அவர் வந்தார், ஹெட்மாஸ்டர் சொன்ன ஜோக்கைச் சொன்னார், சாப்பிட்டார், செய்தி பார்த்தார், டப் பக்கம் திரும்பவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. தண்ணீர் ஆறியதும் அதை வைத்தே வாசலைக் கழுவிவிட்டேன். மறுநாள் ஜெராக்ஸ்காரரிடம், சுவர் அப்படியே இருக்கட்டுங்க என்று சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது உன் விஷயம். போன தடவை பேசும்போது, மாடி ஏறுவதற்கு முன்னால் படியில் கொஞ்சம் உட்கார்ந்துக்கறேம்மா என்று சொன்னாய். நீ சாதாரணமாகச் சொன்னாய், நான் அப்படிக் கேட்கவில்லை. மருந்துக் கடையில் நாள் முழுக்க நிற்கிற உனக்கும் அதே பாதம்தான், அப்பா மாதிரி முட்டியை ஸ்டூலில் ஊன்றுகிற வரைக்கும் காத்திருக்காதே. முதலில் அங்கே ஒரு டாக்டரிடம் காட்டு, என் கடிதத்தை மருந்துச் சீட்டாக நினைக்காதே. அப்புறம் துண்டில் ஆரம்பி, வீட்டுத் துண்டு. அப்பாவின் ஈரத்தடம் இன்னும் முழுசாகத்தான் பதிகிறது, குளித்துவிட்டு வந்ததும் குனிந்து பார்ப்பார், குழி விழவில்லையே என்று கொஞ்ச நாள் வருத்தப்பட்டார், இப்போது பார்ப்பதை விட்டுவிட்டார். நின்றுகொண்டே வேலை செய்ய முடிகிறது, அது போதும் என்கிறார். அப்பாவிடம் கடையை மூடச் சொல்லு என்று மட்டும் இனிமேல் சொல்லாதே.

நீயும் மாப்பிள்ளையும் ஆரோக்கியமாக, நூறு வயசு இருக்க வேண்டும். அடுத்த லீவுக்கு வரும்போது மாப்பிள்ளைக்கு அங்கே முடி வெட்ட வேண்டாம், அப்பா வெட்டுவார். இரண்டு குதிகாலும் தரையிலேயே இருக்கும் என்று உறுதி சொல்லச் சொன்னார். மறந்துவிடாதே, கவுன்டரில் மாத்திரை எண்ணும்போது நீயும் எக்கி நிற்காதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா