அதே பெயரில் இன்னொரு கோப்பு

நாள் 212, 06:10
வியாழனின் கலிஸ்டோ நிலாவில் உள்ள நிலையம். எழுதுவது பொறியாளர் அங்கயற்கண்ணி. இங்கே இருப்பது இரண்டு பேர். நான், மருத்துவர் பிலோமினா. காற்று சரி, தண்ணீர் சரி. பனிப்பள்ளத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்த பிலோமினா பதினோரு நாளாக, உடலை நாலு டிகிரியில் வைத்திருக்கும் குளிர்தூக்கப் பெட்டியில். மீட்புக் கப்பல் வர ஐம்பது நாள் ஆகும்.

நாள் 212, 07:45
பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை புகைஞ்சு போச்சு. மாற்றுப் பலகை இருக்கு, அதில் நிரல் இல்லை. மூல நிரலை இங்கேயே கம்பைல் செய்து, அதாவது இயந்திர மொழிக்கு மாத்தி, ஏத்தணும். எழுதியவன் எட்வின், பிலோமினாவின் புருஷன். போன கப்பலில் பூமிக்குப் போயிட்டான். பெட்டி இப்போ அவசரப் பேட்டரியில் தானாக் குளிரைக் காத்து ஓடுது. ஆறு மணி நேரம் தாங்கும்.

08:30
கம்பைலர் முதல் வரியிலேயே நின்னுடுச்சு. கோப்பைக் காணோமாம். எட்வின் தன் சொந்த ஃபோல்டரின் பாதையை அப்படியே நிரலில் எழுதி வச்சிருக்கான், மகராசன். ஊருக்குப் போறவங்க ஃபோல்டரை அழிக்கிறது இங்கே வழக்கம். அழிச்சது நான்தான். பேக்கப்பில் தேடி எடுத்து, பாதையை மாத்தினேன்.

10:05
கம்பைல் ஆச்சு. இப்போ லைப்ரரிங்கிற துணை நிரல்களை அதோட இணைக்கிற லிங்கர் மல்லுக்கட்டுது. அந்த லைப்ரரி எங்கே, இந்த லைப்ரரி எங்கேன்னு பதினேழு பிழை. ஒண்ணுக்குப் பாதை காட்டினா இன்னொண்ணு கேட்குது. எட்வினுக்குச் செய்தி அனுப்பினேன். பூமிக்குப் போக நாற்பத்து மூணு நிமிஷம், வர நாற்பத்து மூணு.

10:50
பொறுமை போச்சு. எல்லா பேக்கப்பிலும் இருந்த லைப்ரரிகளை ஒரே ஃபோல்டரில் கொட்டி, அந்த ஒரே பாதையை லிங்கருக்குக் கொடுத்தேன். "அதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா?" என்று கணினி நச்சரிச்சுது. 'எல்லாவற்றுக்கும் ஆம்' அழுத்தினேன். பிழை பூஜ்யம்! பலகையில் ஏத்தி, பெட்டியைப் பேட்டரியிலிருந்து அதுக்கு மாத்தியாச்சு. திரையில் நாலு டிகிரி, பச்சை. பழைய பலகையோட கழட்டின, நாடித்துடிப்பைக் காட்டுற கம்பியை அப்புறம் மாட்டிக்கலாம். பிலோ, பிழைச்சுக்கிட்டேடி! காலையிலிருந்து பட்டினி. சோறு சூடாக்கிச் சாப்பிட்டேன்.

11:52
எட்வினிடமிருந்து:
"யக்கா, பதறாதீங்க. என் ஃபோல்டர்ல இருக்க வெப்பமானி லைப்ரரிய மட்டும் எடுங்க. அதே பேர்ல பழசு ஒண்ணு கெடக்கும், அதத் தொட்றாதீங்க. அது நிஜத்தவிட பத்து டிகிரி கூடக் காட்டும், அத நம்பி பெட்டி மேல மேல குளிராக்கும், உள்ள உறஞ்சி போயிரும். பிலோ முழிச்சதும் சொல்லுங்க, வாசல்ல அவ வச்ச முருங்க காய்ச்சிருக்குன்னு."

11:58
திரையில் இன்னும் நாலு டிகிரி. பச்சை. கண்ணாடிக்கு உள்பக்கம் பனி.

12:40
சூடேத்தினேன். நாடிக் கம்பி மாட்டினேன். கோடு நேராப் போகுது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கெஞ்சினேன், திட்டினேன். அந்தப் பேட்டரி இன்னும் ஒரு மணி நேரம் தாங்கியிருக்கும். அவன் பதிலுக்குக் காத்திருந்தா போதும். பாவி நான்.

14:20
எட்வின்:
"யக்கா, லிங்க் ஆச்சா? நல்லாருக்காளா? ஒரு வார்த்த அனுப்புங்க."

உண்மையை மூணு தடவை எழுதினேன். மூணு தடவையும் அழிச்சேன்.

14:55
அனுப்பிட்டேன்:
"ஆச்சு தம்பி. பிலோ தூங்குறா."

இந்தக் குறிப்பை எடுக்கும் மீட்புக் கப்பல்காரர்களுக்கு: அவனிடம் நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வரல. நாளைக்கும் கேட்பான். நாளைக்கும் இதையேதான் அனுப்புவேன்.