யாரோ கடித்த வயர்

ஆடி, ஞாயிறு. இரவு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சுப்பையா தன் வீட்டு மாடியில் வைத்திருக்கும் மைக்செட் மியூசியத்துக்கு இன்று நான் போயிருக்கக் கூடாது.

ஒரு காலத்தில் அவரும் நானும் ஊர் ஊராகப் போட்டிக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர்கள். அவருடைய ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு பெயர் எழுதி மாட்டியிருக்கிறார். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு முழ வயர் மட்டும் கிடந்தது. 'சேத்தூர் பொங்கலில் யாரோ கடித்துத் துண்டித்தது' என்று கீழே சீட்டு. அன்றைக்கு அவர் செட் பாதிப் பாட்டில் ஊமையானது. மறுவருஷத்திலிருந்து அந்தப் பொங்கலுக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

"எலி கடிச்சிருக்கும்" என்றேன்.

"எலிக்குப் பல்லு இம்புட்டு அகலமாவா இருக்கும் அண்ணாச்சி?"

பிறகு ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டே, "இதப் பாட விட்டுப் பாப்போம். செத்த இந்த வயரச் சீவிக் குடுங்க" என்று ஒரு துண்டை நீட்டினார். பிளேடு மேஜை மேலேயே இருந்தது. நானோ பேச்சுவாக்கில் வாங்கி, இடது கடைவாயில் வைத்துக் கடித்து இழுத்துவிட்டேன். நாற்பது வருஷப் பழக்கம்.

நிமிர்ந்தால், அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டுப் போடவில்லை. காபி கொடுத்தார். கிளம்பும்போது என் கையிலிருந்த துண்டை வாங்கி, "இது இங்கனயே இருக்கட்டும்" என்று கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.

இந்நேரம் சீட்டில் அந்த 'யாரோ'வைக் கோடு போட்டு அடித்திருப்பார்.