வெட்டாமல் விட்ட குழாய்

செவ்வாய்க் குடியிருப்பு, வீடு 14. நாள் 611, 08.10
என் மனைவி பூரணத்தாய் படுக்கையறையில் காற்று வராமல் செத்தாள். குடியிருப்பு அலுவலகம் அதை இதயநோய் என்று பதிந்திருக்கிறது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. இதைக் கண்டெடுப்பவர் முதலில் அதைத் தெரிந்துகொள்ளட்டும்.

என் பெயர் சுடலைமுத்து. பனிச்சுரங்க வண்டி ஓட்டுபவன். மெஷின் வேலையைக் கழற்றி மாட்டிக் கற்றவன்.

காற்றோட்ட மெஷின் ஓடுகிறது. கூடத்து மீட்டரில் கரியமில வாயு சரியான அளவு. கதவடைத்த அறைக்குள் யாரும் அளக்கவில்லை.

நாள் 611, 11.40
பால்ஸ் சீலிங்கைக் கழற்றினேன். மெஷினிலிருந்து படுக்கையறைத் துளைக்கு மூன்று மீட்டர். மேலே கிடக்கும் நெளிகுழாய் பத்து மீட்டர்.

பூமியிலிருந்து வந்த எதையும் இங்கே வெட்டுவதில்லை. கயிறானாலும் துணியானாலும் முழுசாகவே வைப்போம், பின்னால் உதவும் என்று. குழாயையும் அப்படியே சுருட்டித் திணித்திருக்கிறார்கள். தொய்ந்த வளைவு குளிர்ந்த வெளித்தகட்டில் பட்டு, காற்றின் ஈரம் உள்ளே தேங்கி உறைந்துவிட்டது. குழாய் முனையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டேன். பனிக்கட்டி வழியை அடைத்திருந்தது. அதில் அவள் மூச்சின் ஈரமும் இருக்கும். சுரண்ட மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்கும் இதே ஆட்கள்தான் குழாய் மாட்டினார்கள். அங்கே இசக்கியும் அவள் அம்மாவும் இருக்கிறார்கள். சீலிங்கைக் கழற்றிப் பார்த்ததை அலுவலகத்துக்கு ரேடியோவில் சொன்னேன்.

நாள் 611, 12.25
நேற்று நான் சுரங்கத்தில் இருந்தபோது பூரணத்தாய் ரேடியோவில் கடைசியாகச் சொன்னது: “இந்தாரும், தலை பாறாங்கல்லா கனக்கு. கதவச் சாத்திட்டுச் செத்த நேரம் படுக்கேன். சோறு மூடி வச்சிருக்கு. என்னைய எழுப்பாண்டாம், சாப்பிடும்.”

எழுப்பாமல் சாப்பிட்டேன்.

நாள் 611, 14.05
அலுவலகத்தில் பதிவு எழுதும் ஹெப்சிபா ரேடியோவில்: “ஐயா, சீலிங்கை மூடிருங்க. குழாய வெட்டினா வீட்டை விட்டே அனுப்பிருவாங்க. வயசானவுக, சொன்னாக் கேளுங்க.”

நான்: “என் வீட்டுக்காரியக் கொன்னது அந்தக் குழாய்தாம்மா.”

“மீட்டர் சரியாத்தானே ஐயா காட்டுது?”

“மீட்டர் கூடத்துல இருக்கு. அவ அறையில படுத்திருந்தா.”

ரேடியோவை அணைத்துவிட்டாள்.

நாள் 611, 15.30
இசக்கி ரேடியோவில்: “சித்தப்பா, அம்மை தலை கனக்குன்னு படுத்தா. உலுக்குனாலும் எந்திரிக்க மாட்டேங்கா!”

“ஏளா, கதவத் திறந்து போடு! குழாய வெட்டு!”

“வெட்டவா? வீட்டப் பறிச்சா நாங்க எங்க போவோம்? உமக்கென்ன, ஒத்த ஆளு!”

“நீ வெட்டாண்டாம். கத்தியோட நான் வாரேன். ஆபீஸ்ல கேட்டா என் பேரச் சொல்லு.”

நாள் 611, 17.50
இசக்கி வீட்டுச் சீலிங்கை உடைத்து, அதே போன்ற குழாயில் ஏழு மீட்டரை வெட்டி எறிந்தேன். மிச்சத்தை இழுத்து நிமிர்த்தி, தொய்யாதபடி பட்டை கட்டி, இரு முனையிலும் கிளாம்ப் இறுக்கினேன்.

வீடு திரும்பும் வழியில் இசக்கி ரேடியோவில்: “சித்தப்பா, அம்மை எந்திரிச்சுட்டா! எந்தப் பய சீலிங்கை ஒடச்சான்னு ஏசிக்கிட்டு இருக்கா!”

ஏசட்டும். ஏசுவதற்கு மூச்சு வேண்டும்.

வீட்டுக்கு வந்து என் குழாயையும் வெட்டி மாட்டினேன். கட்டிலில் கிடந்த அவள் சேலையின் முந்தானை மெல்ல அசைந்தது. இவ்வளவு சின்ன வேலை. ஒரு கத்தி, இரண்டு கிளாம்ப். இவ்வளவுதான். இவ்வளவுதானே.

நாள் 612, 09.00
வீட்டைக் காலி செய்ய உத்தரவு. வேறு குடும்பம் வருகிறதாம். பொதுக்கூடத்தில் எனக்கு ஒரு படுக்கை. கெஞ்ச மாட்டேன். செய்ய வேண்டியதை எழுதிவைக்கிறேன்.

அலுவலகம்: எல்லா வீட்டிலும் குழாயை வேண்டிய நீளத்துக்கு வெட்ட வேண்டும். பூமியிலிருந்து வந்ததுதான், இருந்தாலும் வெட்ட வேண்டும். மீட்டரைத் தலையணைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும்.

ஹெப்சிபா: பதிவில் இதயநோய் என்பதை அடிக்க வேண்டும். அவளுக்கு இதயம் நன்றாக இருந்தது. எனக்குத் தெரியும்.

இசக்கி: கிளாம்ப் தளர்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். இதனால் என் வீடு போனதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இந்த வீட்டுக்கு வருபவர்கள்: கட்டிலை மட்டும் நகர்த்த வேண்டாம். அவள் தலை வைத்த பக்கத்தில் இப்போது காற்று வருகிறது.